பாட்டாவின் பட்டியல்

நுழையும் முன்

பணியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்குத் தாம் வாழும் நகரத்தை நின்று பார்க்க நேரம் வாய்ப்பது அரிது. திருவனந்தபுரத்தில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த முதியவர் ஒருவரும் அவருடைய பேத்தியும் அந்நகரைச் சுற்றிப் பார்த்த ஒரு நாளை இக்கட்டுரை கூறுகிறது. குமரி மாவட்டத்தில் தாத்தாவைப் ‘பாட்டா’ என்று அழைப்பர். பெரியவர்கள் சிறுவர்களை ‘மக்களே’ என்று அன்போடு விளிப்பர். ஒரே ஒரு பிள்ளையாயினும் ‘மக்களே’ என்பதே வழக்கு.

ஊரில் வாழ்வது வேறு. ஊரைப் பார்ப்பது வேறு. திருவனந்தபுரத்தில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த பாட்டா அந்நகரை ஒருநாள்கூடச் சுற்றிப் பார்த்ததில்லை.

அவருடைய வாழ்நாளில் பெரும்பகுதி சாலைக் கடைத்தெருவிலேயே கழிந்தது. கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் அந்தக் கடைத்தெருவை உருவாக்கியவர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய இராஜா கேசவதாஸ். மிளகாய் வற்றலும் மல்லியும் பருப்பும் தமிழ்நாட்டிலிருந்து சரக்குந்துகளில் வந்திறங்கும் இடம் அது. சுமை தூக்குவோரின் குரலும், தராசுத் தட்டுகளின் ஓசையும், தமிழும் மலையாளமும் கலந்த பேரமும் அங்கு விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். பாட்டா தமது இருபதாம் வயதில் அங்கு ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுத வந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் ஆரியசாலைக்கு அருகில் சொந்தமாக ஒரு சிறிய பலசரக்குக் கடை வைத்தார். காலை ஆறு மணிக்குக் கடை திறப்பார். இரவு ஒன்பது மணிக்கு அடைப்பார். கடைக்கு விடுமுறை விட்டால் அன்றைய வரவுக்கும் விடுமுறை என்பது அவர் கண்ட கணக்கு.

இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கண்களில் புரை படர்ந்துவிட்டது. கடையை அடைத்துவிட்டுத் தக்கலைக்கு அருகிலுள்ள பிறந்த ஊருக்கே சென்று மூத்த மகனோடு வாழ முடிவு செய்தார். நவராத்திரி முடிந்ததும் புறப்பாடு. இளைய மகன் திருவனந்தபுரத்தில் மத்திய அரசு அலுவலகத்தில் பணிபுரிகிறார். அவருடைய மகள்தான் இந்தக் கட்டுரையில் வரும் பேத்தி. மத்திய அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவி.

பேத்தியின் புத்தகப் பையில் மூன்று நாட்களாக ஒரு தாள் கிடந்தது. விருப்பமொழியாகத் தமிழ் கற்க விரும்புவோர் நிரப்பித் தரவேண்டிய படிவம் அது. அவள் அதனை நிரப்பவில்லை. ஆங்கிலமும் இந்தியும் பள்ளியில் படித்தாள். மலையாளத்தைத் தோழியரிடமிருந்தும் தெருப்பலகைகளிலிருந்தும் கற்றுக்கொண்டாள். தமிழ் அவளுக்கு வீட்டிற்குள் பேசும் மொழி. எழுத்துகளைப் பாட்டாவின் மடியில் அமர்ந்து ஒருகாலத்தில் கற்றிருந்தாள், பாதி மறந்துபோயிற்று. “இந்த ஊரில் தமிழ் எதற்கு அம்மா? ஒரு பேருந்துப் பலகையிலாவது தமிழ் இருக்கிறதா?” என்று அவள் கேட்டதைப் பக்கத்து அறையிலிருந்த பாட்டா செவியுற்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடுமுறை. காலையில் குளித்து வேட்டி உடுத்துப் புறப்பட்டு நின்ற பாட்டா, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய கணக்கு நோட்டை எடுத்துப் பேத்தியிடம் நீட்டினார். அட்டையில் மஞ்சள்தூள் கறை படிந்திருந்தது.

“கடைசிப் பக்கத்தைப் பார், மக்களே. இந்த ஊரில் பார்க்கவேண்டியவை என்று நான் எழுதி வைத்த பட்டியல். கடைக்கு வருபவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள்; நான் குறித்துக்கொள்வேன். போகத்தான் நேரம் வாய்க்கவில்லை. இப்போது நேரம் இருக்கிறது. ஆனால் நான் எழுதியதை நானே படிக்க முடியவில்லை. நீ படித்துச் சொன்னால் இன்று போய்வரலாம்.”

பேத்தி நோட்டைப் புரட்டினாள். நீல மையில் ஆறு வரிகள் இருந்தன. ஆறாவது வரியின் மேல் கறை பட்டிருந்தது. அவள் முதல் வரியை எழுத்துக் கூட்டினாள்.

“மூ… ன்… று… வா… சல். மூன்று வாசல்!”

“அதுதான் பத்மநாபசுவாமி கோயில்” என்றார் பாட்டா. “அங்கு மட்டும் நான் போயிருக்கிறேன். ஆனால் எப்போதும் கடை திறக்கும் அவசரம். நின்று கும்பிட்டதில்லை.”

ஏழு நிலைகளுடன் ஏறத்தாழ 100 அடி உயர்ந்து நின்றது கிழக்குக் கோபுரம். கேரளத்துக் கோயில்கள் பெரும்பாலும் ஓட்டுக் கூரையோடு தாழ்ந்து அமைந்திருக்கும். இக்கோபுரமோ நெல்லையிலும் மதுரையிலும் காணும் கோபுரங்களின் உறவு போல நின்றது. அதன் எதிரே பத்மதீர்த்தக் குளம் காலை வெயிலில் மின்னியது. நம்மாழ்வார் தமிழில் பாடிய திருத்தலங்களுள் இதுவும் ஒன்று. வைணவர்கள் போற்றும் 108 திவ்விய தேசங்களில் வைத்து எண்ணப்படுவது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் 1750ஆம் ஆண்டில் தம் நாட்டையே இத்திருமாலுக்குக் காணிக்கையாக்கி, அவருடைய அடியவராக நின்று ஆட்சி செய்தார். அவருக்குப் பின் வந்த மன்னர்களும் ‘பத்மநாபதாசர்’ என்னும் பெயரையே சிறப்பாகக் கொண்டனர்.

பாட்டா சட்டையைக் கழற்றித் தோளில் மேல்துண்டு இட்டுக்கொண்டார். பேத்தி பாவாடை அணிந்திருந்தாள். கருவறைக்கு முன்னுள்ள ஒற்றைக்கல் மண்டபத்தில் இருவரும் ஏறி நின்றனர். அரவணையில் துயிலும் திருமாலின் திருமேனி 18 அடி நீளமுடையது. கண்டகி ஆற்றின் சாளக்கிராமங்கள் 12,008 கொண்டு உருவாக்கப்பெற்றது என்பர். ஒரே வாசலின் வழியாக அதனை முழுமையாகக் காண இயலாது. மூன்று வாசல்களின் வழியே மூன்று பகுதிகளாகவே காணவேண்டும்.

எண்ணெய் விளக்கின் ஒளியில் பாட்டாவுக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. “நீ பார்த்துச் சொல், மக்களே” என்று மெல்லக் கேட்டார்.

“முதல் வாசலில் திருமுகம் தெரிகிறது, பாட்டா. ஒரு கை கீழே தொங்குகிறது. அதன் அடியில் சிவலிங்கம்.” அடுத்த வாசலுக்கு நகர்ந்தனர். “இங்கே உந்தித் தாமரை. அதில் நான்முகன்.” மூன்றாவது வாசலில் சொன்னாள்: “இதோ திருவடிகள்.”

வெளியே வந்ததும் பேத்தி நோட்டை எடுத்தாள். “பார்த்ததற்கு என்ன அடையாளம் போடட்டும்?”

“வரவு என்று போடு. ‘வ’ என்று எழுதினால் போதும்” என்றார் கணக்கு எழுதிப் பழகிய பாட்டா.

இரண்டாவது வரியை அவள் “மேத்தன் மனி” என்று படித்தாள்.

“சுழி எத்தனை என்று எண்ணிப் பார்.”

“ஒன்று, இரண்டு, மூன்று.”

“மூன்று சுழி என்றால் ‘ண’. அது மணி. இரண்டு சுழிதான் ‘ன’.”

பத்மதீர்த்தக் கரையில் உள்ள பழைய கட்டடத்தின் முகப்பில் அந்த மணி இருந்தது. கடிகாரத்துக்கு மேலே தாடியுடன் கூடிய ஒரு மனித முகம். இருபுறமும் இரண்டு ஆட்டுக் கடாக்கள். மணி அடிக்கும்போதெல்லாம் அம்முகம் வாயைத் திறக்கும். கடாக்கள் பாய்ந்து இரு கன்னங்களிலும் முட்டும். அதனைக் காண வேறு சிலரும் தலையை நிமிர்த்திக் காத்திருந்தனர். பத்து மணி ஆயிற்று. கடாக்கள் முட்டின. பேத்தி கைதட்டிச் சிரித்தாள். பாட்டாவுக்குக் கடாக்கள் மங்கலாகவே தெரிந்தன. ஆனால் பேத்தியின் சிரிப்பு அவருக்கு நன்றாகக் கேட்டது. “ஐம்பது ஆண்டுகளாக இந்த மணியைத் தாண்டித்தான் போனேன். ஒருநாளும் மணி அடிக்கும்வரை நின்றதில்லை” என்றார்.

மூன்றாவது வரி குதிரை மாளிகை. கோயிலுக்கு அருகிலேயே இருக்கும் அம்மாளிகையைப் புத்தன் மாளிகை என்றும் கூறுவர். கட்டியவர் சுவாதித் திருநாள் மகாராஜா. மேற்கூரையின் அடியில் வரிசையாக 122 மரக்குதிரைகள் முன்கால் தூக்கிப் பாய்வன போலச் செதுக்கப்பட்டிருந்தன. பேத்தி எண்ணத் தொடங்கினாள். நாற்பதில் எண்ணிக்கை தவறியது. மீண்டும் தொடங்கி, மீண்டும் தவறவிட்டாள்.

சுவாதித் திருநாள் 1813 முதல் 1846 வரை வாழ்ந்தவர். முப்பத்து மூன்று ஆண்டுகளே நீடித்த அவ்வாழ்வில் சமஸ்கிருதம், மலையாளம், தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி எனப் பல மொழிகளில் இசைப்பாடல்கள் இயற்றினார். ‘தஞ்சை நால்வர்’ எனப் புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்களை அவர் தமது அவையில் போற்றினார். அவர்களுள் இளையவரான வடிவேலு வயலின் வாசிப்பதில் வல்லவர். 1834ஆம் ஆண்டில் மன்னர் அவருக்குத் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். வயலின் அந்நாளில் நம் இசைக்குப் புதிய கருவி. மேலைநாட்டுக் கருவியில் தஞ்சாவூர்க்காரர் வாசிக்க, திருவனந்தபுரத்து மன்னர் பரிசளித்தார்.

இச்செய்தியைப் பாட்டா சொல்லக் கேட்டதும் பேத்தி வியந்தாள். “அவர் தஞ்சாவூரிலிருந்து இங்கு வேலைக்கு வந்தவரா?”

“ஆம். உன் அப்பாவைப் போல” என்றார் பாட்டா.

கிழக்கே கோட்டையில் பேருந்து ஏறினர். பேத்தி சன்னலோரம் அமர்ந்து, வழியிலுள்ள மலையாளப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பாட்டாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். “கிழக்கேக்கோட்ட… புத்தன்சந்த… பாளயம்…”

“நில்” என்றார் பாட்டா. “நீ படித்தவற்றில் உனக்குப் புரியாத சொல் எது?”

அவள் எண்ணிப் பார்த்தாள். கிழக்கு, கோட்டை, சந்தை, பாளையம். புத்தன் என்றால் புதியது. பாட்டாவின் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள். புரியாத சொல் எதுவும் இல்லை. ‘கிழக்கு’ என்னும் சொல்லில் வரும் ‘ழ’ இரண்டு மொழிகளிலும் அப்படியே இருக்கிறது. “நான் ஐம்பது ஆண்டுகள் இருந்த தெருவின் பெயரும் ‘சாலை’தானே” என்று பாட்டா நினைவூட்டினார்.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே ‘ஸ்டாச்சு’ என்னும் நிறுத்தம் வந்தது. அங்கு நிற்கும் சிலையே அந்த இடத்திற்குப் பெயரானது. சிலைக்கு உரியவர் 1857 முதல் 1872 வரை திருவிதாங்கூரின் திவானாகப் பணியாற்றிய டி. மாதவராவ், கும்பகோணத்தில் பிறந்தவர்.

நான்காவது வரியைப் பேத்தி தட்டுத் தடுமாறிப் படித்தாள்: “பாட்டு எழுதியவர் கல்லூரி.” பொருள் விளங்கவில்லை. பாட்டா அவளைப் பாளையத்தில் இறக்கிப் பல்கலைக்கழகக் கல்லூரியின் வாயிலுக்கு அழைத்துச் சென்றார். விடுமுறை நாளாதலால் உள்ளே நடமாட்டம் இல்லை. கம்பிக் கதவின் வழியே சிவந்த கட்டடமும் மரநிழலும் தெரிந்தன. சுவாதித் திருநாள் காலத்தில் 1834இல் பள்ளியாகத் தொடங்கப்பெற்று, 1866இல் கல்லூரியாக உயர்ந்த நிறுவனம் அது. அக்காலத்தில் மகாராஜா கல்லூரி என்று பெயர்.

“சென்ற ஆண்டு நாகர்கோவிலில் உன் அத்தை மகள் படிக்கும் பள்ளி விழாவுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? தொடக்கத்தில் எல்லாரும் எழுந்து நின்று பாடினார்களே, அந்தப் பாட்டை எழுதியவர் இந்தக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர்.”

பேத்திக்கு அது நன்றாக நினைவிருந்தது. அரங்கமே எழுந்து தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடியபோது அவள் மட்டும் வாய் திறவாமல் நின்றாள். மெட்டுத் தெரியும், சொற்கள் தெரியா. பக்கத்தில் நின்ற அத்தை மகள் திரும்பிப் பார்த்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஊர் திரும்பும்வரை யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. ‘அது தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பாட்டு, நான் வேறு ஊர்ப் பிள்ளை’ என்று தனக்குத்தானே சொல்லி அமைதி கொண்டிருந்தாள்.

அப்பாட்டை எழுதியவர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராகப் பணிபுரிந்தவர். பேரூர்க்கடையில் அவருடைய இல்லம் இருந்தது. திருவிதாங்கூரின் பழைய கல்வெட்டுகளைப் படித்துப் பண்டை மன்னர்களின் வரலாற்றை ஆராய்ந்தார். 1891இல் ‘மனோன்மணீயம்’ என்னும் நாடகக் காப்பியத்தை வெளியிட்டார். 1897இல் நாற்பத்திரண்டு வயதிலேயே மறைந்தார். அந்நாடகத்தின் தொடக்கத்தில் உள்ள வாழ்த்துப் பாடலின் பகுதியைத்தான் 1970இல் தமிழ்நாடு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021இல் அது மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு முழுவதும் எழுந்து நின்று பாடும் பாடலை எழுதியவர், கேரளத்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்தவர்.

பேத்தி நெடுநேரம் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: “அவர் படிக்கும்போது இந்த ஊரில் பேருந்துப் பலகை தமிழிலா இருந்தது, பாட்டா?”

பாட்டா சிரித்துவிட்டார். “அப்போது பேருந்தே இல்லை, மக்களே.”

நண்பகலில் ஓர் உணவகத்தில் சாப்பிட அமர்ந்தனர். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, அவியல், புளிசேரி, பப்படம். “எங்கள் ஊர்ப் பந்தியிலும் இதே அவியலும் புளிசேரியும்தான்” என்று சொல்லிய பாட்டா ஒரு செய்தியை விளக்கினார். அவர் பிறந்தபோது தக்கலையும் திருவனந்தபுரமும் ஒரே மாநிலத்தில் இருந்தன. அம்மாநிலத்தின் பெயர் திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. தக்கலை கல்குளம் வட்டத்தில் இருந்தது. அப்போது பாட்டாவுக்கு நான்கு வயது.

“அப்படியானால் நீங்கள் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர் இல்லையா?” என்றாள் பேத்தி.

“நான் ஊர் மாறியது இருபது வயதில். மாநிலம் மாறியது நான்கு வயதில். அப்போது நான் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன்.”

ஐந்தாவது வரி காட்சிச்சாலை. மரங்கள் அடர்ந்த தோட்டத்தின் நடுவில் நேப்பியர் அருங்காட்சியகம் வண்ணக் கோலமிட்டதுபோல் நின்றது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் தாங்கிய இக்கட்டடம் 1880இல் நிறைவுற்றது. இதனை வடிவமைத்தவர் ராபர்ட் சிஸோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தை வடிவமைத்தவரும் அவரே. கேரள மரபுப்படி சரிந்திறங்கும் கூரையை மேலைநாட்டுக் கட்டடக் கலையோடு இணைத்து இதனை அவர் அமைத்தார். குளிரூட்டும் கருவி இல்லாமலே உள்ளே காற்று உலவிக் குளிர்ச்சி நிலவுமாறு கட்டப்பட்டிருப்பது இதன் தனிச் சிறப்பு. செப்புத் திருமேனிகளும் தந்தச் சிற்பங்களும் மரத்தேரும் அங்கு இருந்தன. செப்புத் திருமேனிகளின் முன் நின்ற பேத்தி, அருகிலிருந்த குறிப்புகளைப் படித்துச் சொன்னாள். அவை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. அவள் பாட்டாவுக்குத் தமிழில் சொன்னாள். சில சொற்களுக்குத் தமிழ் தெரியாமல் நின்றபோது பாட்டா எடுத்துக் கொடுத்தார். படிப்பவள் ஒருத்தி, பொருள் உரைப்பவர் ஒருவர் என்று அந்தப் பணி இருவருக்கும் இடையே தானாகவே பங்கிட்டுக்கொள்ளப்பட்டது.

தோட்டத்துக் கல்லிருக்கையில் இளைப்பாறியபோது பேத்தி உற்சாகத்துடன் சொன்னாள்: “இப்போது புரிகிறது, பாட்டா. கோபுரம், இசை, பாட்டு எல்லாமே நம்முடையவைதான்!”

பாட்டா தலையசைத்து மறுத்தார். “நம்முடையவை என்று சொல்லாதே. நமக்கும் உரியவை என்று சொல். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சிறு சொல்தான். ஆனால் அந்த ‘உம்’ இல்லாமல் இந்த ஊரில் ஐம்பது ஆண்டுகள் கடை நடத்தியிருக்க முடியாது.”

மாலையில் கிழக்கே கோட்டைக்குத் திரும்பியபோது தெருவெங்கும் மக்கள் கூட்டம். மறுநாள் நவராத்திரி தொடக்கம். பத்மநாபபுரத்துச் சரசுவதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் குமரி மாவட்டத்திலிருந்து புறப்பட்டு, குழித்துறையில் இரவு தங்கி, களியக்காவிளை எல்லையைக் கடந்து, நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, அன்று மாலை நகரை வந்தடைந்தனர். முன்னாளில் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரசர் இடம் மாறினாலும் நவராத்திரி வழிபாடு விட்டுப்போகலாகாது என்று தெய்வத் திருமேனிகளை ஆண்டுதோறும் இங்கு எழுந்தருளச் செய்தனர். அச்சரசுவதித் திருமேனி கம்பர் வழிபட்டது என்பது வழிவழியாக வரும் செய்தி. கோட்டைக்குள்ளிருக்கும் நவராத்திரி மண்டபத்தில் சரசுவதியின் திருமுன்னர் ஒன்பது மாலைகளிலும் சுவாதித் திருநாளின் பாடல்கள் இசைக்கப்படும். முருகன் தங்குமிடம் ஆரியசாலைக் கோயில். நங்கையாருக்குச் செந்திட்டைக் கோயில்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இருவரும் சாலைத் தெருவுக்குள் நடந்தனர். வழியில் பாட்டா ஓரிடத்தைக் காட்டினார். “இந்தத் தெருவில் கடை வைத்திருந்த ஒருவர் கதைகள் எழுதினார். ஆ. மாதவன் என்று பெயர். இந்தக் கடைத்தெருவையும் இங்குச் சுமை தூக்கியவர்களையும் பற்றியே எழுதினார். ‘கிருஷ்ணப் பருந்து’ அவர் எழுதிய நாவல். 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். மலையாள நாவல்களையும் தமிழில் பெயர்த்தார். அவர் கடையில் அமர்ந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருநாள் பேசியிருக்கலாம்.” 2021இல் அவர் மறைந்ததைச் சொல்லும்போது பாட்டாவின் குரல் சற்றுத் தாழ்ந்தது.

“ஆறாவது வரி மிச்சமிருக்கிறது” என்று பேத்தி நோட்டைத் தெருவிளக்கின் கீழ்ப் பிடித்தாள். மஞ்சள் கறைக்கு அடியில் எழுத்துகள் மங்கியிருந்தன. மற்ற வரிகள் நேராக இருக்க, இவ்வரி மட்டும் கோணி இருந்தது. கண் மங்கிய பின் எழுதியது போலும். அவள் சுழிகளை எண்ணினாள். “இரண்டு சுழி ‘ன’. என்… என் கடை.”

பாட்டா நின்ற இடத்திற்கு எதிரேதான் அந்தக் கடை இருந்தது. பலகைகள் சார்த்தப்பட்டுப் பூட்டு தொங்கியது. அரிசி மூட்டை அடுக்கிய திண்ணை வெறுமையாக இருந்தது. “கடைக்குள்ளிருந்து தெருவைப் பார்த்திருக்கிறேன். தெருவிலிருந்து கடையை நின்று பார்த்ததில்லை” என்றார். சிறிது நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

அடுத்த கடைக்காரர் வெளியே வந்தார். பாட்டாவைக் கண்டதும் மலையாளத்தில் நலம் விசாரித்தார். ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார். பாட்டா காய்ச்சலில் இருபது நாட்கள் படுத்திருந்த ஓர் ஓணக் காலத்தில், நாள்தோறும் தம் கடையோடு பாட்டாவின் கடையையும் திறந்து விற்பனை பார்த்தவர் அவர். காய்ச்சல் நீங்கி வந்தபோது கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. அவர் எழுதியிருந்தது மலையாளத்தில். பாட்டா அதனைத் தமிழில் பெயர்த்தெழுதிப் பேரேட்டில் ஏற்றினார். அந்த நாட்களின் கணக்கு மட்டும் அப்பேரேட்டில் இரண்டு கையெழுத்துகளில் இருக்கிறது.

தொலைவில் மேளம் கேட்டது. முருகன் ஆரியசாலைக்கு எழுந்தருளிக்கொண்டிருந்தார். தீவெட்டிகளின் ஒளி தெருமுனையில் தெரிந்தது. பாட்டா எழுந்து நின்று கைகூப்பினார். பக்கத்துக் கடைக்காரரும் கைகூப்பினார்.

“நவராத்திரி முடிந்ததும் இவர்கள் எங்கே போவார்கள், பாட்டா?”

“வந்த வழியே ஊருக்குத் திரும்புவார்கள். நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, குழித்துறை, பிறகு நம் தக்கலைப் பக்கம். நானும் அந்த வழியில்தான் போகப்போகிறேன்.” சற்றே நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அடுத்த ஆண்டு அவர்கள் மறுபடியும் வருவார்கள். இரண்டு இடத்திலும் அவர்களுக்கு வீடு இருக்கிறது.”

அன்று இரவு பேத்தி பையிலிருந்த படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பெயர் எழுதும் இடத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதினாள். அப்பாவிடம் கையொப்பம் வாங்கினாள். பிறகு பாட்டாவின் நோட்டைத் திறந்தாள். ஆறு வரிகளுக்கும் எதிரே ‘வ’ இருந்தது. அதன் கீழே ஏழாவது வரியாக ஏதோ எழுதத் தொடங்கி, நடுவில் நிறுத்தினாள்.

“பாட்டா, பத்மநாபபுரத்துக்கு எந்த ‘ந’?”

கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்த பாட்டா கேட்டார்: “எதற்கு?”

“பட்டியலில் சேர்க்க. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது நீங்கள் அரண்மனையைக் காட்டவேண்டும். அதற்குள் உங்கள் கண்ணும் சரியாகிவிடும், நீங்களே படித்துக்கொள்ளலாம்.”

“தந்நகரம், மக்களே” என்றார் பாட்டா.

அவள் எழுதினாள். அந்த வரிக்கு எதிரே ‘வ’ போடும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

சொல்லும் பொருளும்

திவான் – அரசரின் தலைமை அமைச்சர்
பேரேடு – வரவு செலவுகளைத் தொகுத்து எழுதும் பெரிய கணக்கு நூல்
வரவு – கணக்கில் வந்து சேர்ந்தது
அரவணை – பாம்புப் படுக்கை
உந்தி – கொப்பூழ்
தீவெட்டி – தீப்பந்தம்
தந்நகரம் – ‘த’ என்னும் எழுத்தோடு இணைந்து வரும் ‘ந’ (பந்து, சந்தை)

சிந்தித்து எழுதுக

1. ‘நம்முடையவை’, ‘நமக்கும் உரியவை’ – இவ்விரண்டிற்கும் பாட்டா கண்ட வேறுபாட்டை உங்கள் சொற்களில் விளக்குக.
2. பேத்தி படிவத்தை நிரப்பியதற்குக் காரணமாக அமைந்த நிகழ்ச்சி எது என்று கருதுகிறீர்கள்? ஏன்?
3. நீங்கள் வாழும் ஊரில் தமிழோடு தொடர்புடைய இடப்பெயர், கட்டடம், மனிதர் ஆகியவற்றுள் ஒன்றைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.
4. உங்கள் வீட்டு முதியவர் ஒருவர் பார்க்க விரும்பும் இடங்களைக் கேட்டு, தமிழில் ஒரு பட்டியல் எழுதுக.